மேலிருந்து கீழே பின்னும் ராக்லன் ஸ்வெட்டர்: நடுவில் ரெண்டு கேபிள் வைத்தால் கண்ணிக் கணக்கு எப்படி?

மன்னை மல்லி

எல்லாருக்கும் வணக்கம். 8 வயசுப் பெண் குழந்தைக்கு மேலிருந்து கீழே, எங்கேயும் தையல் இல்லாம ஒரே துண்டா வர்ற ராக்லன் ஸ்வெட்டர் (கழுத்திலிருந்து அக்குள் வரைக்கும் சாய்கோடா கை சேர்றது) பின்னணும். முன்பக்கம் நடுவில் மட்டும் ரெண்டு கேபிள், அதாவது கயிறு முறுக்கின மாதிரி டிசைன். முதுகும் கையும் வெறும் நிட் (வெளிப்பக்கம் வழவழன்னு தெரியிற கண்ணி). அரையாண்டு லீவுக்குக் கொடைக்கானல் போகும்போது போடணும், திரும்பி வந்ததும் மார்கழி விடியக்காலையில இங்கேயும் போடுற மாதிரி இருக்கணும்.

குழந்தையோட அளவு: மார்பு 64 செ.மீ., தலைச்சுற்று 53, மேல்கை 20, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை 31. ஸ்வெட்டர் மார்பில் 72, 73 வந்தா போதும்.

மாதிரித் துண்டு பின்னி, அலசி, காயவச்சு அளந்தேன். 8 ப்ளை நூல், 4 மி.மீ. ஊசி. வெறும் நிட்டில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி, 30 வரிசை. கேபிள் பட்டை இப்படி: 2 பர்ல் (நிட்டோட மறுபக்கம், மேடு மேடா தெரியிற கண்ணி), 6 நிட், 2 பர்ல், 6 நிட், 2 பர்ல். மொத்தம் 18 கண்ணி. 22 கண்ணிக் கணக்குப்படி 8.2 செ.மீ. வரணும். ஆனா 6.4தான் வருது.

இந்தக் குறையை எங்கே சரிக்கட்டணும்? கழுத்திலேயே அதிகமா ஏத்தணுமா, இல்ல கீழே வரும்போது கூட்டணுமா? கழுத்துக்கு எத்தனை கண்ணி? அப்புறம் நூல் விஷயம். மாதிரித் துண்டு அக்ரிலிக்ல போட்டது. நம்ம ஊர் வெக்கைக்குப் பருத்தி நல்லதுன்னு சொல்றாங்க, பருத்தியில கேபிள் நிக்குமா? இன்னொண்ணு, கையில இருக்கிற பேட்டர்ன்ல அமெரிக்க 8ஆம் நம்பர் ஊசின்னு போட்டிருக்கு. கடையில 8ஆம் நம்பர் கேட்டா வேற தடிமன்ல தர்றாங்க.

மாயவரம் கண்ணி

மல்லி, கேபிள் பட்டையைத் தனியா அளந்தீங்களே, அதுலேயே பாதி வேலை முடிஞ்சுது. வெறும் நிட் துண்டை மட்டும் அளந்துட்டு ஆரம்பிச்சா, மார்புல ஒன்றே முக்கால் செ.மீ. காணாமப் போயிடும். அதுவும் முழுக்க முன்பக்கத்துல போகும். அதனால சைடு கோடு ரெண்டும் முன்னால இழுத்துக்கிட்டு நிக்கும்.

சுருங்குறதுக்குக் காரணம் ரெண்டு. குறுக்குப் போடுற இடத்துல 3 கண்ணி இன்னொரு 3 கண்ணி மேல ஏறி உக்காருது. 6 கண்ணி கிட்டத்தட்ட 4 கண்ணி இடத்துல நெருக்கி நிக்குது. பக்கத்துல இருக்கிற பர்ல் கண்ணி உள்வாங்கிப் பின்னால போகுது. ரெண்டும் சேர்ந்துதான் உங்க 6.4.

கணக்கு எளிசு. பட்டையோட அகலம் 6.4, ஒரு செ.மீ.க்கு 2.2 கண்ணி. பெருக்கினா 14. அதாவது 18 கண்ணிப் பட்டை, வெறும் நிட் 14 கண்ணிக்கான இடத்தைத்தான் அடைக்குது. 18லிருந்து 14 போக மிச்சம் 4. இந்த 4 கண்ணியைக் கூடுதலா ஏத்தணும். வேற நூல், வேற ஊசி மாத்தினா இந்த 4 அப்படியே இருக்கும்னு நினைக்காதீங்க. பட்டையைத் திரும்பவும் பின்னி அளக்கணும்.

ஏத்த வேண்டிய இடம் கழுத்து பார்டர் முடிஞ்ச உடனே வர்ற சுற்று. பார்டருக்குள்ளேயே ஏத்தினா கழுத்து முன்னால பிதுங்கும். நாலு விரக்கடை கீழே வந்து ஏத்தினா, அதுக்கு மேல பட்டை சுருங்கி நெஞ்சுல குழி விழும்.

இனி முழுக் கணக்கு, உங்க 22க்கு 30 அளவுக்கு.

கழுத்துக்கு 88 கண்ணி. 40 செ.மீ. வரும். பார்டரை 3.25 மி.மீ. ஊசியில பின்னுங்க, ஆனா கண்ணி ஏத்துறது மட்டும் 4 மி.மீ. ஊசியில. ஏத்தின வரிசை இறுக்கமா இருந்தா 53 செ.மீ. தலை உள்ளே போகாது. பார்டர் எவ்வளவு இழுபட்டாலும் அந்த முதல் நூல் விடாது. வட்டமா சேர்க்கும்போது வரிசை எங்கேயும் முறுக்கிக்காம முழுசும் கீழ்நோக்கி இருக்கான்னு ஒரு தடவை விரலால தடவிப் பாத்துட்டுச் சேருங்க. 2 நிட், 2 பர்ல் பார்டர் 8 சுற்று. அப்புறம் 4 மி.மீ. ஊசிக்கு மாறுங்க.

அடுத்து வர்றது அமைப்புச் சுற்று. சுற்றோட ஆரம்பம் இடது தோள் பின்பக்கம். அங்கிருந்து வரிசையா: ராக்லன் கோடு 2, முதுகு 32, ராக்லன் 2, வலது கை 8, ராக்லன் 2, முன்பக்கம் 32, ராக்லன் 2, இடது கை 8. கூட்டிப் பாருங்க, 88. ஒவ்வொரு ராக்லன் ஜோடிக்கும் ரெண்டு பக்கமும் வேற கலர் நூல்ல சின்ன வளையம் கட்டிப் போட்டுக்குங்க. ஊக்கு மாட்டினா நூலைப் பிரிச்சுடும்.

முன்பக்கத்து 32ல, 9 நிட், நடுவில 14, கடைசியில 9 நிட். அந்த 14ஐ இதே சுற்றுல 18 ஆக்குறோம். 2 பர்ல், 1 நிட், ஒரு கண்ணி கூட்டு, 2 நிட், ஒரு கண்ணி கூட்டு, 1 நிட், 2 பர்ல், திரும்ப அதே 4ஐ 6 ஆக்குங்க, 2 பர்ல். இப்ப முன்பக்கம் 36, மொத்தம் 92.

இதுக்கு அப்புறம் முதுகுக் கழுத்தைக் கொஞ்சம் உயர்த்தணும். அதைப் பின்னால சொல்றேன், விட்டுடாதீங்க. அது இல்லேன்னா ஸ்வெட்டர் தொண்டையை அழுத்தும்.

ராக்லன் கூட்டல்: ஒவ்வொரு 2 கண்ணிக் கோட்டுக்கும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. நாலு கோட்டுக்கும் சேர்த்து ஒரு சுற்றுக்கு 8. ரெண்டு கண்ணிக்கு நடுவில கிடக்கிற நூலைத் தூக்கிப் பின்னணும். கோட்டுக்கு முன்னால வர்றதுக்கு, இடது ஊசியால பின்னாலிருந்து முன்னால தூக்கி, முன் காலில் (வளையத்துல ஊசிக்கு முன்னால இருக்கிற பாதியில) நிட். கோட்டுக்குப் பின்னால வர்றதுக்கு, முன்னாலிருந்து பின்னால தூக்கி, பின் காலில் நிட். மாத்திப் போட்டா அங்க ஒரு ஓட்டை நிக்கும்.

கூட்டல் 1ஆம் சுற்றிலிருந்து 29ஆம் சுற்று வரைக்கும் ஒற்றைப்படைச் சுற்று எல்லாத்துலேயும். அது 15 தடவை. அப்புறம் 33, 37, 41, 45. மொத்தம் 19 தடவை. 48ஆம் சுற்றோட மேல்பாகம் முடியும், ஆழம் 16 செ.மீ. எல்லாத்தையும் ஒண்ணுவிட்டு ஒரு சுற்றுலேயே கூட்டி முடிச்சா ஆழம் 12.7 செ.மீ.தான் வரும், அக்குள் பிடிக்கும். அதுக்காகத்தான் கடைசி நாலைத் தள்ளிவச்சிருக்கேன்.

கேபிள் குறுக்கு 4ஆம் சுற்றுல தொடங்கி 8 சுற்றுக்கு ஒரு தடவை: 4, 12, 20, 28, 36, 44. எல்லாமே இரட்டைப்படை. கூட்டல் எல்லாம் ஒற்றைப்படை. ரெண்டும் ஒரே சுற்றுல மோதாது, எதையும் மறக்க மாட்டீங்க. முதல் குறுக்கை 8 வரைக்கும் தள்ளாதீங்க. ஏத்தின 4 கண்ணியும் அதுவரைக்கும் கழுத்துக்குக் கீழே புடைச்சுக்கிட்டு நிக்கும்.

48ஆம் சுற்று முடிவுல முன்பக்கம் 74, முதுகு 70, கை ஒவ்வொண்ணும் 46, ராக்லன் 8. மொத்தம் 244. ராக்லன் ஜோடியை உடைச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தா முன் 76, முதுகு 72, கை 48, 48. கைக் கண்ணிகளை வேற நூல்ல கோத்து விட்டுட்டு, அக்குளுக்கு ரெண்டு பக்கமும் 8, 8 ஏத்துங்க. உடம்பு 164. அதுல கேபிளுக்காக ஏத்தின 4ஐக் கழிச்சா 160. அகலம் 72.7 செ.மீ. நீங்க கேட்டது வந்துடுச்சு.

தஞ்சை நூல்கண்டு

கணக்கு மாயவரம் அக்கா சொன்னபடியே போடுங்க. நான் ஊசிக்கும் நூலுக்கும் வர்றேன்.

ஊசி நம்பரில் குழப்பம் இருக்கிறது உண்மை. நம் கடைகளில் சொல்வது பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும். பழைய 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க நம்பர் இதற்கு நேர் எதிர். எண் ஏற ஏற ஊசி தடிக்கும். அமெரிக்க 8 என்பது 5 மி.மீ., அமெரிக்க 6தான் 4 மி.மீ. ஆகவே உங்கள் பேட்டர்ன் 5 மி.மீ. ஊசிக்கும் இன்னும் தடித்த நூலுக்கும் எழுதியது. அதிலுள்ள கண்ணி எண்ணிக்கை எதுவும் உங்கள் நூலுக்குப் பொருந்தாது. படம் பார்க்க மட்டும் வைத்துக்கொண்டு, அக்கா கொடுத்த கணக்கிலேயே போங்கள். கடையில் நம்பர் கேட்காமல் மி.மீ. பார்த்து வாங்குங்கள். ஊசியில் அச்சடித்திருக்கும்.

ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைப்பது பெரும்பாலும் ஜோடி நேர் ஊசி. 244 கண்ணி நேர் ஊசியில் நிற்காது. வட்ட ஊசி வேண்டும்: கழுத்துக்கு 4 மி.மீ.யில் 40 செ.மீ. நீளம், மேல்பாகம் விரிந்த பிறகு 80 செ.மீ. பார்டருக்கு 3.25ல் அதே இரண்டு நீளம். இவை உள்ளூரில் கிடைப்பது அரிது, ஆன்லைனில் வரவழைக்க வேண்டியிருக்கும். மூங்கில் ஊசி அழகாக இருக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நூல் அதில் ஒட்டி ஒட்டி நகரும், கை வியர்த்தால் இன்னும் மோசம். உலோக ஊசி வாங்குங்கள்.

கதவுத் தோரணத்துக்கு விற்கும் உல்லன் உருண்டை ஸ்வெட்டருக்கு ஆகாது. ஒரே உருண்டையில் தடிமன் மாறும், முறுக்கும் தளர்வு. ஸ்வெட்டருக்கென்றே 8 ப்ளை என்று லேபிள் ஒட்டியதை வாங்குங்கள். லேபிளில் லாட் எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்) இருக்கும். எல்லா உருண்டையிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து ஒரே தடவையில் எடுங்கள். வெளிர் நிறம், ஒரே நிறம். கரும்பச்சை, கருநீலத்தில் கேபிள் கண்ணுக்கே தெரியாது, பல நிறம் கலந்த நூலில் முழுக்க மறைந்துவிடும்.

பருத்தி பற்றி என் கருத்து: முழுப் பருத்தி கேபிளுக்கு வேண்டாம். அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள அரான் தீவுகளின் கேபிள் ஸ்வெட்டர்கள் கம்பளியால் ஆனவை. கம்பளி இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். குறுக்குப் போட்ட இடத்தில் இழுபட்ட கண்ணி தானே திரும்பி, ஓட்டையை மூடி, கயிற்றைத் தூக்கிக் காட்டும். பருத்திக்கு அந்தக் குணம் கிடையாது. இழுத்தால் இழுத்தபடி நிற்கும். குறுக்கின் இரு ஓரத்திலும் ஓட்டை தெரியும். எடையும் அதிகம். இந்த அளவுக்கு அக்ரிலிக் 300 முதல் 350 கிராம் போதும், பருத்தி 400 முதல் 450 கிராம் பிடிக்கும். மேலிருந்து தொங்கும் உடுப்பு என்பதால் அந்த எடையெல்லாம் கழுத்தையும் ராக்லன் கோட்டையும்தான் இழுக்கும். பத்து தடவை போட்ட பிறகு நீளம் இறங்கியிருக்கும்.

கொடைக்கானலில் டிசம்பர் இரவு 10 டிகிரிக்குக் கீழே போகும். தஞ்சாவூர்ப் பக்கம் மார்கழியிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். இரண்டுக்கும் ஒரே உடுப்பு என்றால் கம்பளி கலந்த அக்ரிலிக் நல்லது. அதைப் போட்டுக்கொண்டு இங்கே காலை எட்டு மணிக்கு மேல் உட்கார முடியாது, ஆனால் விடியலுக்குப் போதும்.

மாயவரம் கண்ணி

அண்ணா சொல்றது முழுப் பருத்திக்குச் சரி. பாதிப் பருத்தி பாதி அக்ரிலிக் கலவைக்கு அந்தளவு பயப்பட வேண்டாம். குறுக்கை 8 சுற்றுக்கு ஒரு தடவைன்னு வச்சதே அதுக்குத்தான். கம்பளியா இருந்தா 6 சுற்றுக்கு ஒண்ணு போட்டிருப்பேன், கயிறு இன்னும் உருண்டு நிக்கும். கலவை நூல்ல 6 போட்டா கண்ணி ஊசியில ஏற மறுக்கும், விரல் நோகும். ஆனா கலவைக்கு மாறினா புது மாதிரித் துண்டு கட்டாயம்.

மன்னை மல்லி

ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா. கலவை நூல்ல மாதிரித் துண்டு போட்டுப் பாக்குறேன். முதுகுக் கழுத்து உயர்த்துறது எப்படி? அப்புறம், மேலிருந்து பின்னும்போது கேபிள் தலைகீழா தெரியாதா? குறுக்கு முன்னால வச்சா எந்தப் பக்கம் சாயும்னு இன்னும் பிடிபடல. மாதிரித் துண்டுல இன்னொண்ணும் கண்ணுல படுது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு ஓரத்துல மட்டும் கண்ணி தளர்ந்து பெருசா இருக்கு, மறு ஓரம் ஒழுங்கா இருக்கு.

நாகை ஊசிமுனை

கேபிள் விஷயம் ரெண்டையும் நான் சொல்றேன்.

தலைகீழ்: ஊசியில இருக்கும்போது கழுத்து உங்களுக்குக் கீழே தொங்குது. போட்டுக்கும்போது அது மேலே போயிடுது. அரை வட்டம் திரும்புது. தனிக் கயிறுக்கு இதனால ஒண்ணும் ஆகாது. வலப்பக்கம் சாஞ்ச குறுக்கைத் தலைகீழா திருப்பினாலும் வலப்பக்கம் சாஞ்சதாவே தெரியும். சிக்குக் கோலத்தை வாசலிலிருந்து பாத்தாலும் தெருவிலிருந்து பாத்தாலும் இழை அதே மாதிரி மேலும் கீழும் போற மாதிரிதான். ஆனா ரெண்டு கயிறு சேர்ந்து ஒரு உருவம் காட்டினா உருவம் கவிழும். குதிரை லாடம், மரம், இலை மாதிரி மேல் கீழ் உள்ள டிசைன் எல்லாம் அப்படித்தான். அதுக்கெல்லாம் சார்ட்டை மேல் வரிசையிலிருந்து கீழே படிச்சாலும் போதாது, குறுக்கு எந்தப் பக்கம்னு யோசிச்சு மாத்தணும். துண்டா ஒரு மாதிரி போட்டு, திருப்பிப் பிடிச்சுப் பாக்குறது ரொம்ப நேரம் மிச்சம்.

உங்க பட்டைக்கு: 3 கண்ணியைக் கேபிள் ஊசிக்கு (கண்ணியைக் கொஞ்ச நேரம் தாங்குற குட்டை ஊசி) மாத்தி முன்னால வச்சுக்கிட்டு, அடுத்த 3 நிட், அப்புறம் கேபிள் ஊசியில இருக்கிற 3 நிட். இது இடப்பக்கம் சாயும். பின்னால வச்சுப் பின்னினா வலப்பக்கம் சாயும். போட்டுக்கும்போது ரெண்டு கயிறும் தோளைப் பாத்து விரியணும்னா, சுற்றுல முதல்ல வர்ற கேபிளுக்கு முன்னால வையுங்க, ரெண்டாவதுக்குப் பின்னால. ஊசியில பாக்கும்போது ரெண்டும் மேலே போகப் போக ஒண்ணை ஒண்ணு பாத்துச் சாயிற மாதிரி தெரியும். அதைப் பாத்துப் பதறி மாத்திடாதீங்க. கழுத்தை மேலே திருப்பிப் பிடிங்க, விரிஞ்சு நிக்கும்.

தளர்ந்த ஓரம்: அது நிட் முடிஞ்சு பர்ல் தொடங்குற ஓரமாத்தான் இருக்கும், பாருங்க. நிட்டுக்குப் பின்னால இருந்த நூல், ஊசிக்கு நடுவில முன்னால வந்து, ஊசிக்கு மேலே ஏறிச் சுத்தி அப்புறம்தான் பர்ல் ஆகுது. அந்தச் சுற்று வழியில போற உபரி நூல் பக்கத்துல இருக்கிற நிட் கண்ணிக்குள்ள போய்ச் சேருது. பர்ல்லிருந்து நிட் போறதுக்கு வழி குறுக்கம், அதனால மறு ஓரம் இறுக்கமா இருக்கு. கையை இறுக்கிப் பிடிச்சாலும் இது போகாது, நூல் போற வழியை மாத்தணும். கேபிளுக்கு அடுத்து வர்ற முதல் பர்ல் கண்ணிக்கு மட்டும் நூலை ஊசிக்கு மேலே சுத்தாம அடியிலிருந்து மேலே எடுங்க. கண்ணி ஊசியில திரும்பி உக்காந்திருக்கும். அடுத்த சுற்றுல அதே கண்ணியைப் பின் காலில் பர்ல் பண்ணுங்க, நூல் திரும்பவும் அடியிலிருந்து. முன் காலில் பண்ணிட்டா முறுக்கின கண்ணி ஆயிடும். நாலஞ்சு சுற்றுல அந்த ஓரம் நேராகுறது தெரியும்.

சுற்று எண்ண மறந்துட்டா: கடைசிக் குறுக்கோட ஓரத்துல சின்ன சந்து ஒண்ணு இருக்கும். அதுல ஆள்காட்டி விரலைப் பின்பக்கத்திலிருந்து விட்டா, கேபிளுக்கு அடியில படிக்கட்டு மாதிரி குறுக்கு நூல் தட்டுப்படும். சந்திலிருந்து ஊசி வரைக்கும் எத்தனை படின்னு எண்ணினா, குறுக்குக்கு அப்புறம் எத்தனை சுற்று போயிருக்குன்னு தெரியும். 7 படி இருந்தா அடுத்தது குறுக்கு.

தப்பான பக்கம் குறுக்குப் போட்டது கீழே தெரிஞ்சா, முழுச் சுற்றையும் பிரிக்காதீங்க. அந்தக் கேபிளோட 6 கண்ணிக்கு நேரே வரும்போது, ரெண்டு பக்கமும் உள்ள கண்ணி நழுவாம ஊசியைப் பிடிச்சுக்கிட்டு, 6ஐ மட்டும் இறக்கி விடுங்க. குறுக்குச் சுற்று வரைக்கும், அதையும் சேர்த்துப் பிரிச்சதும் நிறுத்துங்க. 6 கண்ணியும் குறுக்குக்கு முந்தின வரிசையில நேரா நிக்கும். ரெண்டு முனையும் கூரா இருக்கிற குட்டை ஊசி ஒண்ணுல அதைக் கோத்துக்குங்க. பின்னால ஏணி மாதிரி நூல் தொங்கும். அடியில இருக்கிற படியை எடுத்துச் சரியான பக்கம் குறுக்கைப் போடுங்க. அப்புறம் அதுக்கு மேல் படி, அதுக்கு மேல் படின்னு வரிசை மாறாம. ஒரு படியைத் தாண்டி மேல் படியை எடுத்துட்டா திரும்ப இறக்க வேண்டியதுதான். ஓரத்துக் கண்ணி கொஞ்சம் பெருசாத் தெரியும். ஊசி நுனியால பக்கத்துக் கண்ணிக்கு நூலைப் பங்கு போட்டு விடுங்க, அலசினா அடங்கிடும்.

கடலோரம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக் காத்துல நிக்கல் பூசின ஊசி துருப்பிடிக்கும், வெளிர் நூல்ல பழுப்புக் கறை ஏறும். அரைகுறை வேலையை ஊசியிலேயே விட்டு மாசக்கணக்கா வைக்காதீங்க. கண்ணியை நூல்ல கோத்து, ஊசியை எடுத்துத் துடைச்சு வையுங்க. துருப்பிடிக்காத எஃகு ஊசின்னா இந்தத் தொல்லை இல்லை.

மாயவரம் கண்ணி

முதுகுக் கழுத்து: அமைப்புச் சுற்று முடிஞ்ச உடனே, 1ஆம் சுற்று தொடங்குறதுக்கு முன்னால செய்யணும். கூட்டல் எதுவும் போடாம, போய்த் திரும்புற அரை வரிசைகள். ஆரம்பத்திலிருந்து நிட் போட்டு, முதுகைத் தாண்டி, வலது கை 8ம் முடிச்சு, முன்பக்க ராக்லனுக்கு முன்னால திரும்புங்க. பர்ல்ல திரும்பி வந்து, ஆரம்பத்தைத் தாண்டி, இடது கை 8ம் முடிச்சுத் திரும்புங்க. இது ஒரு ஜோடி. அடுத்த ஜோடி ரெண்டு முனையிலும் 4 கண்ணி முன்னாலேயே திரும்பணும், மூணாவது ஜோடி இன்னும் 4 முன்னால. 6 வரிசை, முதுகு 2 செ.மீ. உயரும்.

வெறுமனே திரும்பினா ஓட்டை விழும். திரும்பினதும் முதல் கண்ணியைப் பின்னாம ஊசிக்கு மாத்தி, நூலை ஊசிக்கு மேலே பின்னால இறுக்கி இழுங்க. ஒரே கண்ணி ரெண்டு கால் விட்டு நிக்கும். 1ஆம் சுற்றுல அந்த இடம் வரும்போது ரெண்டு காலையும் சேர்த்து ஒரே கண்ணியா நிட். தனித்தனியா எண்ணினா மொத்தம் 92க்கு மேல போயிடும், அங்கேயே கணக்கு பிசகும்.

உடம்பு: அக்குளுக்குக் கீழே 19 செ.மீ., அதாவது 57 சுற்று. கேபிள் 44க்கு அடுத்து 52, 60ன்னு அதே போக்கு. பார்டருக்கு முந்தின சுற்றுல ஏத்தின 4ஐத் திரும்ப இறக்கணும். ஒவ்வொரு கேபிள் 6லும் ரெண்டைச் சேர்த்து நிட், 2 நிட், ரெண்டைச் சேர்த்து நிட். 164 திரும்ப 160 ஆகும், 2க்கு 2 பார்டருக்கு நாலால வகுபடும். இதை விட்டுட்டா அடி விளிம்பு கேபிளுக்குக் கீழே மட்டும் அலை அலையா விரியும். பார்டர் 3.25ல 5 செ.மீ., முடிக்கும்போது தளர்வா முடிங்க.

கை: கோத்து வச்ச 48ஐ ஊசிக்கு எடுத்து, அக்குள்ல ஏத்தின 8லிருந்து 8 எடுக்கணும். அந்த 8க்கு ரெண்டு மூலையிலும் எப்பவும் ஓட்டை விழும், ஏன்னா அங்க நூல் உடம்புப் பக்கம் ஒண்ணும் கைப்பக்கம் ஒண்ணுமா பிரிஞ்சு போகுது. மூலைக்கு ஒரு கண்ணி கூடுதலா எடுத்து, அடுத்த சுற்றுல பக்கத்துக் கண்ணியோட சேர்த்துடுங்க. நிக்க வேண்டியது 56, அகலம் 25 செ.மீ. சொச்சம். மேல்கை 20க்கு அது போதும், உள்ளே ஒரு சட்டை போட்டுக்கலாம்.

12 சுற்று நேரா போய், அப்புறம் 8 சுற்றுக்கு ஒரு தடவை அக்குள் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு குறைங்க. 8 தடவை. 40 வரும். 26 செ.மீ. ஆனதும் பார்டர் 5 செ.மீ. கைச்சுற்று சின்னதா இருக்கிறதால உங்க கை தானாவே இறுக்கும். 10 சுற்று போனதும் அளந்து பாருங்க, 22க்குப் பதிலா 24 வந்தா கைக்கு மட்டும் ஒரு படி தடிச்ச ஊசி. 56 கண்ணி 40 செ.மீ. வட்ட ஊசியில சுத்தி வராது. 80 செ.மீ. ஊசியோட நடு வயரை வளைச்சு வெளியே இழுத்து விட்டுப் பின்னுங்க, இல்லேன்னா குட்டை ஊசி அஞ்சு.

கையை ஆரம்பிக்கும் முன்னால குழந்தைக்கு ஒரு தடவை போட்டுப் பாருங்க. மேலிருந்து பின்னுறதுல இருக்கிற பெரிய வசதி இதுதான். உடம்புக் கண்ணியை நீளமான நூல்ல கோத்துட்டுப் போட்டா நீளம், அக்குள் ரெண்டும் அப்பவே தெரிஞ்சுடும்.

மன்னை மல்லி

எல்லாம் புரிஞ்சுது அக்கா. முடிச்ச பிறகு அலசுறது எப்படி? இஸ்திரி போட்டா கேபிள் எடுப்பா நிக்குமா?

தஞ்சை நூல்கண்டு

இஸ்திரிப் பெட்டி அருகிலேயே வரக் கூடாது. அக்ரிலிக் சூட்டில் இளகி, கேபிள் தட்டையாகி அப்படியே நின்றுவிடும். பிறகு எத்தனை தடவை அலசினாலும் எழாது. ஆவி கூட வேண்டாம்.

குளிர்ந்த தண்ணீரில் மென்மையான சோப்புத் தூள் கரைத்து, பதினைந்து நிமிடம் அமுக்கி வையுங்கள். தேய்க்கவும் பிழியவும் வேண்டாம். தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல் இரண்டு கையாலும் அள்ளி எடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். உப்புத் தண்ணீரில் பருத்திக் கலவை விறைத்துப் போகும். ஒரு பெரிய துண்டில் விரித்துப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, மேலே அமுக்கினால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும்.

கொடியில் போடாதீர்கள். ஈர எடையில் நீளம் இறங்கிவிடும், தோளில் கொடியின் தடமும் விழும். பாய் மேல் உலர்ந்த துண்டு விரித்து, மார்பு 36 செ.மீ. அகலம் வரும்படி வைத்து, கேபிளை விரலால் பக்கவாட்டில் நெருக்கி மேலே தூக்கி விடுங்கள். பட்டையை இழுத்து விரித்தால் கயிறு படுத்துவிடும். நிழலும் மின்விசிறியும் போதும். ஆறேழு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு, அடியில் உள்ள துண்டை மாற்றுங்கள். அடைமழை நாளில் அலச வேண்டாம். இரண்டு நாள் ஈரம் நின்றால் பருத்திக் கலவையில் முடைநாற்றம் ஏறும், கரும்புள்ளியும் பூக்கும். ஐப்பசி மழை பிடிக்கும் முன்னால் முடித்துவிட்டால் நல்லது, இல்லையென்றால் மழை விட்டு வெயில் காயும் நாள் பார்த்து அலசுங்கள்.

எடுத்து வைக்கும்போது மடித்து வையுங்கள், ஹேங்கரில் மாட்டாதீர்கள். நூலில் கம்பளி கலந்திருந்தால் மட்டும் அந்துப்பூச்சி வரும், அதற்கு அழுக்கும் வியர்வையும் போக அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு மூடி வைப்பதுதான் முதல் காவல். அந்துருண்டை போடுவதாக இருந்தால் துணியில் முடிந்து ஓரமாக வையுங்கள், நூலில் நேராகப் படவேண்டாம். மிச்ச நூலில் ஒரு சின்னக் கண்டும் லேபிளும் கூடவே இருக்கட்டும். குழந்தை வளர்ந்ததும் கைப் பார்டரைப் பிரித்து இரண்டு செ.மீ. நீட்ட அதுதான் வேண்டியிருக்கும்.